எட்டு வயது மீசை

அன்று மருத்துவமனையின் ஆலோசனை அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு, அங்கே எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் கூடவே இருந்ததுபோல் பேசினார்கள். இருந்தவர்கள் இவர்கள்: எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, கைசுத்தம் என்ற பெயரோடு ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர்கள் மகன், மூன்று மாதக் கர்ப்பிணியான மருமகள், மருமகளின் தங்கை (கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்; பெரியவர் மனத்துக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வாயாடி), பிறகு டாக்டரம்மா. இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவரின் காலஞ்சென்ற அண்ணன். அவர் சட்டம் போட்ட புகைப்படமாக, துண்டில் சுற்றப்பட்டு, தம்பியின் கக்கத்தில் வந்திருந்தார்.

அறைக்குள் நுழைந்ததும் பெரியவர் நாற்காலியைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த ஆள் நிறுக்கும் இயந்திரத்தைத்தான் பார்த்தார்.

"யாருமே ஏறாம முள்ளு நகர்ந்து நிக்குது," என்றார்.

"அது பழசுங்க ஐயா," என்றார் டாக்டரம்மா.

"பழசா இருக்கலாம். பொய் சொல்லக் கூடாது."

குனிந்து, பக்கத்தில் இருந்த திருகைத் திருப்பி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். படத்தை மடிமேல் வைத்துக்கொண்டார். நாற்காலி ஒன்று குறைந்ததால் வாயாடி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மாமா வந்த வேலை முடிஞ்சிருச்சு. கிளம்பலாமா?" என்றாள்.

மருமகள் தங்கையை முறைத்தாள். மாமியார் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பை மறைக்கத்தான்.

வந்த காரியம் இதுதான். கல்யாணப் பேச்சின்போதே பெண் வீட்டார் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்கள்: சின்னவளுக்குப் பிறவியிலேயே ஒரு சுரப்பிக் கோளாறு, தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள், சாப்பிட்டால் ஒரு குறையும் இல்லை, பெரியவளுக்கு நோய் கிடையாது, ஆனால் அதன் விதை உடம்பில் இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது, மாப்பிள்ளையும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டால் நல்லது. பெரியவருக்கு அந்த நேர்மை பிடித்துவிட்டது. பெருந்தன்மையாகவே பதில் சொன்னார்: "உங்க பக்கம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எங்க ரத்தம் கெட்டி. எது கலந்தாலும் சரி பண்ணிரும்."

பெண் வீட்டார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரத்தப் பரிசோதனை அப்படியே நின்றுபோனது. மருமகள் கேட்கும்போதெல்லாம் மகன், "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு" என்பான். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவனுக்கு, வீட்டில் அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அதற்குள் மருமகள் கர்ப்பமானாள்.

டாக்டரம்மா பொறுமையாக ஆரம்பித்தார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி, பெயர் அட்ரீனல். உடம்பில் உப்பைக் காப்பதும், காய்ச்சலோ அடியோ வந்தால் தாங்கும் பலத்தைக் கொடுப்பதும் அது செய்யும் ஹார்மோன்கள். சில பிள்ளைகளுக்கு அந்த ஹார்மோன்கள் சரியாக உண்டாவதில்லை. அவற்றுக்குப் பதிலாக ஆண் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்துவிடும். அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் விதை வந்தால்தான் பிள்ளைக்கு நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது.

"அம்மா பக்கம் இருக்குன்னு தெரியும். இப்போ அப்பா பக்கம் தெரியணும். இவர் கொஞ்சம் ரத்தம் குடுத்தா போதும்," என்று மகனைக் காட்டினார்.

மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா மேசையைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, தப்பா நினைக்கக் கூடாது," என்றார் பெரியவர். இப்படி அவர் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் தப்பாக நினைக்கும்படி ஏதோ வரப்போகிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "ஒரு குடும்பத்துல கோளாறு இருந்தா, அந்தக் குடும்பத்தைப் பார்க்கணும். நல்லா இருக்கிற குடும்பத்தையும் எதுக்கு ஊசி வச்சுக் குத்தணும்? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவான்? அவங்க வீட்டுலயும் ஏதோ இருக்காம், அதான் ரத்தம் எடுத்தாங்கன்னு பேசுவான்."

"இல்லைன்னு தெரிஞ்சா நிம்மதிதானே ஐயா?"

"இல்லைன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அதுவரை வாய் திறக்காத மருமகள் மெதுவாகப் பேசினாள். கட்டட வரைபடம் வரைகிறவள், அளந்துதான் பேசுவாள்.

"மாமா, இவளுக்கு முன்னாடி எனக்கு ஒரு தம்பி பொறந்தான். பார்க்க எந்தக் குறையும் இல்ல. கொழுகொழுன்னு இருந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ரெண்டாவது வாரம் வாந்தி எடுக்க ஆரம்பிச்சான். பால் ஒத்துக்கலைன்னாங்க. கண்ணு பட்டிருக்கும்னாங்க. உடம்புல உப்பு இறங்கிட்டே போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. பேர் வைக்கறதுக்குள்ள போயிட்டான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவனோட தொட்டிலை நான்தான் ஆட்டிட்டு இருந்தேன். எனக்கு இந்தப் பிள்ளைக்கு என்ன இருக்குன்னு முன்னாடியே தெரியணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

பெரியவருக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் மனம் இளகியதற்காகக் குடும்பத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் அவர் இல்லை. துண்டை விலக்கி, படத்தை எடுத்து, டாக்டரம்மாவின் மேசைமேல் நிமிர்த்தி வைத்தார்.

"ஐயையோ, உங்க அண்ணனையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா!" என்றார் மனைவி.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையன், ஒரு கையை நாற்காலி முதுகில் வைத்து நிற்கிறான். அகன்ற தோள். மேலுதட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாத மீசை. படம் எடுத்தவர், யாரோ மையால் வரைந்துவிட்டார்கள் என்று நினைத்து, துடைத்துவிட்டு வரச் சொன்னாராம். பெரியவரின் தகப்பனார் ஈரத்துணியை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே துடைச்சுப் பாருங்க" என்றாராம். துடைத்துப் பார்த்தார். மீசை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அந்தப் படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு முதல்முறையாக வருகிற யாரும் அதற்கு முன்னால் நிறுத்தப்படாமல் தப்பியதில்லை. "வயசு என்ன இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?" வந்தவர்கள் பதினாறு என்பார்கள், பதினெட்டு என்பார்கள். ஒருவர் இருபது என்றார். எல்லாரும் சொல்லி முடித்தபின் பெரியவர் மூச்சை இழுத்து, "எட்டு!" என்பார். வந்தவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். பிளப்பார்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த சம்பந்திகளும் பிளந்திருக்கிறார்கள். வாயாடி மட்டும் அன்று ஊரில் இல்லை. ஓட்டுநர் தேர்வுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்தபோதெல்லாம் வாசலிலேயே நின்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். கூடத்துக்குள் வந்தால் மாமா, எல்லாருக்கும் சொல்லும் அந்தக் கடைக்காரர் கதையைத் தனக்கும் சொல்லிவிடுவார் என்ற பயம்.

"இது என் அண்ணன்," என்றார் பெரியவர். "எங்க ரத்தம் எப்படின்னு இதைப் பார்த்தாலே தெரியும். சொல்லுங்க டாக்டரம்மா. வயசு என்ன இருக்கும்?"

டாக்டரம்மா படத்தைக் கையில் எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். மீசையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், அரைக்கால் சட்டைக்குக் கீழே முழங்காலைப் பார்த்தார். பிறகு பெரியவரின் முகத்தைப் பார்த்தார்.

"ஏழு? இல்லை, எட்டு இருக்கும்," என்றார்.

பெரியவர் மூச்சை இழுத்து வைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் படம் சுவரில் ஏறிய காலத்திலிருந்து அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

"வீட்டுல யாராவது சொல்லிட்டாங்களா?" என்று மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொல்லலப்பா!"

"இவர் அதுக்கப்புறம் எவ்வளவு உயரம் வளர்ந்தார்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பத்து வயசுல வகுப்புலயே உயரம். வாத்தியார் உயரம்," என்றார் பெரியவர்.

"அதுக்கப்புறம்?"

பெரியவர் துண்டின் மடிப்பைச் சரிசெய்தார். மனைவி சொன்னார்.

"என் தோளுக்கு வருவார். அதோட நின்னுட்டார். எங்க கல்யாணப் படத்துல அவர் பக்கத்துல நின்னவங்களை எல்லாம் உட்காரச் சொல்லி எடுத்தாங்க."

"சின்ன வயசுலயே குடும்பப் பொறுப்பு தலையில ஏறிருச்சு," என்றார் பெரியவர். "அந்தப் பாரத்துல வளர்ச்சி நின்னுபோச்சு."

வாயாடி சுவரை விட்டு வந்து, படத்தைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. "மாமா," என்றாள். "இவர் எங்க ஜாதி."

"என்ன ஜாதி?"

"மாத்திரை ஜாதி."

டாக்டரம்மா விளக்கினார். அதே நோயில் கொஞ்சம் மென்மையான வகை உண்டு. அதில் உப்பு ஆபத்தாக இறங்காது, பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஆண் ஹார்மோன் சிறு வயதிலேயே பெருகும். பையன் மளமளவென்று வளர்வான், மீசை வரும், பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். அதற்குள் எலும்பு முற்றி வளர்ச்சி நின்றுவிடும். "படத்தை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்லக் கூடாது. ஆனா அண்ணனுக்கு இது இருந்திருந்தா, உங்ககிட்டயும் அந்த விதை இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. உங்ககிட்ட இருந்தா உங்க பையனுக்கும் வந்திருக்கலாம்."

பெரியவர் எழுந்தார். படத்தைத் துண்டில் சுற்றினார். வெளியே போனார்.

வெளிநடப்பு செய்தார் என்று சொல்வார்கள். அப்படி இல்லை. காற்று வாங்கப் போனார். கதவு சத்தமாகச் சாத்திக்கொண்டது, அது காற்று.

தாழ்வாரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். பெரியவர் கடைசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் டாக்டரம்மாமேல் இல்லை. அந்தப் பையன் முழங்காலைப் பார்த்து ஒருத்தி வயதைச் சொல்லிவிட்டாள். அப்படியானால் அது இவ்வளவு காலமும் பார்க்கத் தெரிந்தவர்கள் கண்ணுக்கு எழுதி ஒட்டினதுபோல் தெரிந்திருக்கிறது. வாயைப் பிளந்தவர்களில் யாராவது ஒருவர் தெரிந்துகொண்டே பிளந்திருப்பாரோ?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. விருந்தாளி வந்தால் அண்ணன் கூடத்துக்கு வரமாட்டார். சின்ன வயதில் அவரைத் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வயது வந்தபின் அவருக்குப் பதில் படமே போதுமென்று ஆகிவிட்டது. வெட்கம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தப் படத்துக்குக் கீழே அண்ணன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

வாயாடி வந்து, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்து, மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"இதுதானா?" என்றார் பெரியவர்.

"இதேதான். மிளகு அளவு. இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்."

"எங்க அண்ணனுக்கு இது கிடைச்சிருந்தா?"

"உங்க உயரம் வந்திருப்பார். மீசை மட்டும் எல்லாரையும் மாதிரி லேட்டா வந்திருக்கும்."

வாயாடி காலை ஆட்டிக்கொண்டே, "மாமா, அந்தக் கடைக்காரர் கதை சொல்லுங்களேன்," என்றாள்.

"எந்தக் கடைக்காரர்?"

"நீங்க தராசைச் சோதிக்கப் போனீங்களே, அவர். எல்லாருக்கும் சொல்லியிருக்கீங்க. நான்தான் ஓடி ஓடித் தப்பிச்சுட்டேன். இப்போ ஓட இடமில்லை."

அது அவர் உத்தியோக வாழ்க்கையிலேயே சிறந்த கதை. ஒருவர் வாய்விட்டுக் கேட்டபின் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. இடம், நேரம், மனநிலை எதுவும் குறுக்கே நிற்காது.

"ஊருலயே பெரிய கடை," என்று ஆரம்பித்தார். "பரம்பரைக் கடை. நான் எடைக்கற்களை எடுத்து வச்சதும் முதலாளிக்கு மூக்குக்கு மேல கோபம் வந்திருச்சு. 'எங்க தாத்தா காலத்துக் கடை சார், எங்களையே சந்தேகப்படறீங்களா?'ன்னான். நான் சொன்னேன், 'ஐயா, இது சந்தேகம் இல்லை, சோதனை. சந்தேகம் திருடன்மேல வரும். சோதனை எல்லாருக்கும் உண்டு. நல்ல கடைன்னா நீங்களே தராசைத் தூக்கி நீட்டணும். மறைக்கிறவன் கடையிலதான்...'"

நிறுத்தினார்.

"மறைக்கிறவன் கடையிலதான்?" என்றாள் வாயாடி.

பெரியவர் கை கழுவும் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிறியா, ஆளைக் குழியில தள்ளக் கத்துக்கொடுக்கிறியா?" என்றார்.

"குழி வெட்டினது நீங்க மாமா. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். என் வேலையே அதுதானே."

"அந்தத் தராசு ஒழுங்கா இருந்துச்சா மாமா?" என்று பிறகு கேட்டாள்.

"இல்லை," என்றார் பெரியவர். "ஆனா அவனுக்கே தெரியாது. அடியில ஒரு பல்லு தேய்ஞ்சிருந்துச்சு. அவன்மேல தப்பு இல்லை. சரி பண்ணி, முத்திரை குத்திக் குடுத்தேன். கடைசிவரைக்கும் எனக்கு நன்றி சொல்லிட்டு இருந்தான்."

கதையின் இந்தப் பாதியை அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. முதல் பாதியே போதும் என்று நினைத்திருந்தார்.

எழுந்தார். அறைக்குள் போனார். உள்ளே மகன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவன் சட்டைக்கை ஏற்கெனவே முழங்கைக்கு மேல் சுருட்டப்பட்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனால் சட்டைக்கையை அவன் இறக்கவில்லை.

"மன்னிச்சிருங்கப்பா. நீங்க வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு..." என்றான்.

பெரியவர் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவன் இப்படி நின்று அவர் பார்த்ததில்லை.

"தள்ளு," என்றார். "முதல்ல எனக்கு."

"ஐயா, உங்க ரத்தம் இப்போ அவசியமில்லை. பையனோடது போதும்," என்றார் டாக்டரம்மா.

"அது எப்படி? பெரிய கடையை விட்டுட்டுச் சின்னக் கடையை மட்டும் சோதிக்கிற வழக்கம் எங்க டிபார்ட்மென்ட்ல கிடையாது." கையை மேசைமேல் நீட்டினார். பிறகு மருமகளிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "உன்னைக் காக்க வச்சது தப்பும்மா. உன் தம்பி விஷயத்தை நீ என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"நீங்க ரத்தம் கெட்டின்னு சொல்லிட்டு இருந்தீங்க மாமா. நடுவுல பேச இடம் கிடைக்கல."

மாமியார் இந்தத் தடவை முந்தானையைத் தேடவில்லை. வெளிப்படையாகவே சிரித்தார். "கெட்டி ரத்தம்னா ஊசிக்குள்ள வருமாங்க? எதுக்கும் பெரிய ஊசியா எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

ரத்தம் தாராளமாக வந்தது. பெரியவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அது அசதி.

முடிவு வந்தபோது அப்பாவிடமும் விதை இருந்தது, மகனிடமும் இருந்தது. அடுத்த மாதம் கருவைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துச் சோதித்தார்கள். பிள்ளைக்கு நோய் இருந்தது. அன்று மருமகள் அழுதாள். ஆனால் சீக்கிரமே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை பிறக்கும்போது யார் யார் பக்கத்தில் இருக்க வேண்டும், முதல் மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும், உப்பு எவ்வளவு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் கேட்டு, வரைபடம் வரைவதுபோல் ஒவ்வொன்றாக மனத்தில் ஏற்றிக்கொண்டாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, "என்னைப் பாருக்கா, நான் என்ன குறைஞ்சுபோயிட்டேன்? வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம். அதுக்கு மாத்திரை காரணமில்லை," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெரியவர் தன் பங்குக்கு மருந்துக்கடைக்குப் போனார். பச்சைப் பிள்ளைக்கு மாத்திரையைப் பொடித்து, நிறுத்து, சின்னப் பொட்டலங்களாகக் கட்டித் தர வேண்டும். அவர்களுடைய தராசை வெளியே எடுக்கச் சொன்னார். மருந்துக்கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. "எங்களைச் சந்தேகப்படறீங்களா சார்?" என்றார். பெரியவர் வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கதையை இரண்டு பாதியும் சேர்த்துச் சொன்னார்.

ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்து, மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டாவது வாரம் வந்தது. வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. தொட்டிலை மருமகள்தான் ஆட்டினாள். பிள்ளை பால் குடித்தான், ஏப்பம் விட்டான், இன்னும் வேண்டும் என்று கத்தினான். இரண்டாவது வாரம் போய்விட்டது.

கூடத்துப் படம் அதே இடத்தில்தான் இருக்கிறது. வருகிறவர்களை அதற்கு முன்னால் நிறுத்திக் கேட்கிற வழக்கம் நின்றுவிட்டது. தெரியாமல் யாராவது, "யாருங்க இந்த வாலிபர்?" என்று கேட்டால், "எங்க அண்ணன். அப்போ எட்டு வயசு. மாத்திரை கிடைக்கல," என்று மட்டும் பெரியவர் சொல்கிறார். அதற்குக் கீழே இப்போது தொட்டில் இருக்கிறது.

பேரன் மீசையோடு பிறந்தான் என்று ஊரில் ஒரு பேச்சு அடிபடுகிறது. அது பொய். பேரனுக்கு மீசை இல்லை. எட்டு வயதிலும் இருக்காது. இந்தக் குடும்பத்தில் மீசை உரிய காலத்தில்தான் முளைக்கும்.